கேள்வியைச் சுற்றி ஒரு பட்டம்: மாணவர் தாமே வகுக்கும் துறையிடைப் படிப்பு

1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் வில் ஷார்ட்ஸ் என்ற இளைஞர் இளங்கலைப் பட்டம் பெற்றார். அவருடைய முதன்மைப் பாடம் 'எனிக்மட்டாலஜி', அதாவது புதிரியல். அப்படி ஒரு துறை அந்தப் பல்கலைக்கழகத்தில் கிடையாது. துறைத்தலைவர் இல்லை, அச்சிட்ட பாடத்திட்டம் இல்லை. சிறுவயதிலிருந்தே புதிர்களில் மூழ்கிக் கிடந்த ஷார்ட்ஸ், மாணவர் தாமே பாடத்திட்டம் வகுத்துக்கொள்ள அங்கே இருந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டார். சொற்புதிர், கணிதப் புதிர், தருக்கப் புதிர், புதிர்களின் உளவியல் என்று வெவ்வேறு துறை ஆசிரியர்களைக் கேட்டு ஒரு படிப்பைக் கட்டினார். 1860க்கு முந்தைய அமெரிக்கச் சொற்புதிர்களின் வரலாற்றை ஆய்வேடாக எழுதினார். பிறகு சட்டமும் படித்தார். 1993இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் குறுக்கெழுத்துப் பகுதிக்கு ஆசிரியரானார்.

இந்தக் கதையை வேடிக்கைச் செய்தியாகச் சொல்வதே வழக்கம். என் மனத்தில் தங்கியது அதிலுள்ள ஒரு சிறு காட்சி. குறுக்கெழுத்து அமைக்கும் பாடத்துக்காக ஷார்ட்ஸ் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிதாக ஒரு புதிரை அமைத்து ஆசிரியரின் அறைக்கு எடுத்துச் செல்வார். ஆசிரியர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதைக் கட்டம் கட்டமாக நிரப்பியபடியே குறைநிறைகளைச் சொல்வார். அந்தப் படிப்பு நடந்தது அப்படித்தான்: மாணவர் கொண்டுவந்த ஒரு தாளும், அதற்காக ஒதுக்கப்பட்ட ஆசிரியரின் நேரமும்.

மாணவர் தாமே வகுக்கும் துறையிடைப் பட்டம் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் தேர்வுச் சுதந்திரத்தைச் சுற்றியே நடக்கின்றன. எத்தனை பாடங்களைத் தேர்ந்தெடுக்கலாம், எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்குப் போகலாம், கிரெடிட் எனப்படும் பாட அலகு எப்படி மாறும் என்பவை அங்கே பெரிய கேள்விகள். அரை நூற்றாண்டு அனுபவத்தைத் திரட்டிப் பார்த்தால் தெரிவது வேறு. இந்தப் படிப்பு எங்கெல்லாம் நன்றாக நடந்ததோ, அங்கெல்லாம் இரண்டு பொருள்கள் இருந்தன: மாணவரிடம் தெளிவான ஒரு கேள்வி, அந்தக் கேள்வியோடு உட்கார நேரமுள்ள ஓர் ஆசிரியர். இரண்டில் ஒன்று இல்லாத இடங்களில் அது பாடங்களின் கலவையாகவே நின்றுபோனது.

முதன்மைப் பாடம் வந்த வழி

ஒரு துறையைத் தேர்ந்து அதிலேயே பட்டம் பெறுவது காலங்காலமாக இருக்கும் ஏற்பாடு போலத் தோன்றும். அமெரிக்காவில் அதற்கு ஏறத்தாழ 150 வயதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அங்கே கல்லூரி மாணவர் அனைவரும் ஒரே பாடங்களைப் படித்தார்கள்: இலத்தீன், கிரேக்கம், கணிதம், ஒழுக்கவியல். 'மேஜர்', 'மைனர்' என்ற சொற்கள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் 1877-78ஆம் ஆண்டுக் கையேட்டில்தான் முதலில் அச்சேறின.

அதே காலத்தில் ஹார்வர்டில் வேறொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. 1869 முதல் 1909 வரை நாற்பது ஆண்டுகள் அதன் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக நீக்கி, மாணவர் விரும்பியதைப் படிக்கலாம் என்ற முறையைக் கொண்டுவந்தார். நூற்றாண்டின் இறுதியில் அங்கே கட்டாயமாக மிஞ்சியது ஏறக்குறைய முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி மட்டும். விளைவு இருவிதமாக இருந்தது. புதிய அறிவியல் துறைகள் வளர இடம் கிடைத்தது. மறுபுறம், பல மாணவர்கள் எளிதான தொடக்கநிலைப் பாடங்களையே பொறுக்கிக்கொண்டு, எதிலும் ஆழம் காணாமல் வெளியேறினார்கள். எலியட்டுக்குப் பின் வந்த ஆபட் லாரன்ஸ் லோவெல் இதற்குக் கடிவாளம் போட்டார். பதினாறு பாடங்களில் குறைந்தது ஆறு ஒரே துறையில் இருக்க வேண்டும், வேறு ஆறு மற்றத் துறைகளில் பரவியிருக்க வேண்டும் என்றார்.

குவிதலும் பரவலும் என்ற இந்த ஏற்பாட்டின் நிழலில்தான் அமெரிக்கப் பட்டப்படிப்பு இன்றும் இருக்கிறது. மாணவர் தாமே வகுக்கும் முதன்மைப் பாடம் எலியட்டின் சுதந்திரத்துக்குத் திரும்பும் முயற்சி என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது இருவரையும் சேர்த்து வைக்கிறது. தேர்வு மாணவருடையது என்கிற வகையில் எலியட் அதில் இருக்கிறார். தேர்ந்தவை ஒரு புள்ளியில் குவிய வேண்டும் என்கிற வகையில் லோவெல் இருக்கிறார். அந்தப் புள்ளி ஒரு துறையாக இல்லாமல் ஒரு கேள்வியாக இருக்கலாம் என்பது மட்டுமே புதிது.

அந்த நான்கு ஆண்டுகள்

இந்தப் படிப்புகள் பிறந்த ஆண்டுகளை வரிசையாக எழுதினால் ஒரு நெருக்கம் தெரியும். பிரவுன் பல்கலைக்கழகம் பொதுக் கட்டாயப் பாடங்களை நீக்கித் திறந்த பாடத்திட்டத்தை ஏற்றது 1969இல். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹெர்ஸ்ட் ஊரில் ஹாம்ப்ஷயர் கல்லூரி முதல் மாணவர்களைச் சேர்த்தது 1970இல். வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவில் எவர்கிரீன் கல்லூரி வகுப்புகளைத் தொடங்கியது 1971இல். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பின்னாளில் காலட்டின் பள்ளி என்று பெயர்பெற்ற பிரிவும், டென்மார்க்கில் குழுத் திட்டப்பணியை அடித்தளமாகக் கொண்ட ரோஸ்கில்டே பல்கலைக்கழகமும் தொடங்கியது 1972இல்.

போருக்குப் பிந்தைய தலைமுறை கல்லூரி வயதுக்கு வந்து மாணவர் எண்ணிக்கை பெருகிய காலம் அது. வியட்நாம் போரும் குடிமை உரிமைப் போராட்டங்களும் வகுப்பறைக்குள் நுழைந்திருந்தன. வெளியே எரிந்துகொண்டிருந்த கேள்விகளுக்கு உள்ளே துறை இல்லை என்பதை மாணவர்கள் கண்டார்கள். சான்பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் 1968 நவம்பரில் தொடங்கி 1969 மார்ச் வரை நீண்ட மாணவர் வேலைநிறுத்தத்தின் விளைவாக இனவியல் கல்விக்கெனத் தனிப் புலம் உருவானது. 1970இல் சான்டியாகோ மாநிலக் கல்லூரியில் பெண்ணியல் படிப்பு தொடங்கியது. இன்று உலகெங்கும் துறைகளாக நிலைபெற்றுவிட்ட இவை, முதலில் துறைகளுக்கு நடுவே நின்று கேட்கப்பட்ட கேள்விகள்தாம்.

பிரவுனில் நடந்த மாற்றம் தனியாகக் குறிப்பிட வேண்டியது. அதற்கு வித்திட்டது நிர்வாகம் அமைத்த குழு ஏதுமில்லை. ஐரா மெகசினர், எலியட் மேக்ஸ்வெல் ஆகிய மாணவர்கள் சக மாணவர்களோடு கூடி இளங்கலைக் கல்வியின் வரலாற்றையும் நோக்கத்தையும் படித்து, நானூறு பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கை ஒன்றை எழுதினார்கள். அதை ஆசிரியர்கள் படித்தார்கள், விவாதித்தார்கள், 1969 மே மாதத்தில் வாக்களித்து ஏற்றார்கள். பாடத்திட்டம் வகுக்கும் தகுதி மாணவருக்கு உண்டா என்று கேட்பவர்களுக்கு இந்த அறிக்கையே ஒரு பதில்.

திட்டம் எப்படி உருவாகிறது

இப்படிப்புகளின் பெயர்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். பிரவுனில் 'தனித் தேர்வுப் பாடம்', ஹார்வர்டில் 'சிறப்புப் பாடம்', இந்தியானாவில் 'தனிப்பட வகுத்த முதன்மைப் பாடம்' என்று பொருள்படும் பெயர்கள். நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான். மாணவர் முதல் ஓரிரு ஆண்டுகளில் பல துறைகளை நுகர்ந்து பார்க்கிறார். பிறகு ஒரு முன்வரைவு எழுதுகிறார். படிப்பின் பெயர், அதன் மையக் கேள்வி, இருக்கிற துறைகளில் ஒன்றில் சேர்ந்து அதைப் படிக்க முடியாததற்குக் காரணம், பருவம் பருவமாக எடுக்கப்போகும் பாடங்கள், ஒவ்வொரு பாடமும் கேள்விக்கு எப்படி உதவும் என்ற விளக்கம், இறுதியாண்டு ஆய்வேடு அல்லது படைப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். வழிகாட்ட ஒப்புக்கொண்ட ஆசிரியரின் கையெழுத்தும் வேண்டும். குழு ஒன்று அதைப் படித்துத் திருப்பி அனுப்பும். மாணவர் திருத்தி எழுதுவார்.

குறைத்து எடைபோட்டுவிடக் கூடாத வேலை இது. வழக்கமான துறையில் சேர்ந்த மாணவர், தாம் படிக்கும் பாடங்கள் ஏன் அந்த வரிசையில் இருக்கின்றன என்று மூன்றாண்டும் யோசிக்காமலே பட்டம் வாங்கிவிடலாம். முன்வரைவு எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை. புள்ளியியல் எதற்கு, அதை இரண்டாம் ஆண்டிலேயே ஏன் எடுக்க வேண்டும், அதற்கு முன் எந்தக் கணிதம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் வைத்திருக்க வேண்டும்.

ஹாம்ப்ஷயர் கல்லூரி இதை முழுக் கல்லூரிக்கும் விதியாக்கியது. அங்கே யாருக்கும் ஆயத்த முதன்மைப் பாடம் கிடையாது. மதிப்பெண்ணும் கிடையாது, ஆசிரியர் எழுதும் விரிவான மதிப்பீடுதான். படிப்பு மூன்று கட்டம். முதலில் பல துறைகளின் அறிமுகம். அடுத்து ஆசிரியர் குழுவோடு சேர்ந்து வகுத்த குவிபாடம். இறுதியாக ஓராண்டு முழுவதும் நீளும் தனித் திட்டப்பணி. அதை முடித்தவர் நூலகத்தின் அருகிலுள்ள மணியை அடிப்பார். நண்பர்கள் சுற்றி நின்று ஆரவாரிப்பார்கள். ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் அங்கே படித்தவர். இமயமலை ஏற்றம் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஜான் கிராகவரும் அப்படியே.

காலட்டின் பள்ளியில் வேறொரு நிபந்தனை. பட்டம் பெறும் முன் மாணவர் இருபது, இருபத்தைந்து நூல்கள் கொண்ட பட்டியலைத் தயாரிக்க வேண்டும். பழங்கால நூல்களும் அதில் இடம்பெற வேண்டும். பிறகு ஆசிரியர்கள் முன் அமர்ந்து, அந்த நூல்கள் தம் கேள்வியில் எப்படி வந்து சேர்கின்றன என்று உரையாட வேண்டும். விரும்பியதைப் படித்தாயிற்று, இப்போது படித்ததைக் கோத்துக் காட்டு என்பதே அந்தத் தேர்வின் உட்பொருள்.

ஒரு கேள்வியை எடுத்துப் பார்ப்போம்

பல்துறை, துறையிடை என்ற இரு சொற்களையும் நாம் ஒன்றுபோலப் பயன்படுத்துகிறோம். ஒரே தட்டில் பல பண்டங்களை வைப்பது பல்துறை. அவற்றைச் சேர்த்து ஒரு சமையல் செய்வது துறையிடை. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நம் ஊர்க் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு கிராமத்து மாணவியை எண்ணிப் பாருங்கள். அவள் ஊர் ஏரி அடுத்தடுத்த ஆண்டுகள் நிரம்பவில்லை. மழை பெய்யாமலில்லை. 'எங்கள் ஏரிக்கு ஏன் தண்ணீர் வரவில்லை?' என்பது அவள் கேள்வி. இதற்கு எந்தத் துறைக்குப் போவாள்?

புவியியலுக்குப் போனால் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் வரத்துக்காலின் சரிவையும் வரைபடத்தில் காட்டுவார்கள். செயற்கைக்கோள் படங்களை வைத்து முப்பதாண்டு மாற்றத்தை அளக்கவும் கற்றுத்தருவார்கள். ஆனால் வரத்துக்கால் நடுவே கட்டடம் எப்படி எழுந்தது என்பதை அறிய வருவாய்த்துறைப் பதிவேடுகளைப் படிக்கத் தெரிய வேண்டும். பட்டா எது, புறம்போக்கு எது, 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் என்ன சொல்கிறது என்பது சட்டத்தின் பக்கம். முன்பு ஊரே கூடிக் குடிமராமத்து செய்தது ஏன் நின்றது, மதகு திறந்து வயலுக்கு நீர் பிரித்துவிட்ட நீர்க்கட்டி எங்கே போனார், ஆயக்கட்டு உழவர்கள் ஆழ்துளைக் கிணற்றுக்கு மாறிய பிறகு ஏரி யாருக்குச் சொந்தம் என்பவை சமூகவியலும் பொருளியலும் சேரும் இடம். இன்னும் பின்னால் போனால் உத்திரமேரூர்க் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்த செய்தி அதில் பதிவாகியுள்ளது. அதைப் படிக்கக் கல்வெட்டியல் வேண்டும்.

இத்தனையையும் ஒவ்வொரு தாளாக எழுதித் தேறினால் அது பல்துறை. புவியியலில் அளந்த சரிவையும் பதிவேட்டில் கண்ட எல்லையையும் ஒரே வரைபடத்தில் ஏற்றி, ஊர் முதியவர் சொன்ன பழைய வாய்க்கால் அதில் எங்கே போகிறது என்று சரிபார்த்து, மூன்றும் முரண்படும் இடத்தில் எதை நம்புவது என்று முடிவெடுக்கிறாளே, அங்கேதான் துறையிடைக் கல்வி நடக்கிறது. அந்த முடிவெடுக்கும் வேலையை எந்தத் துறையும் தனியாகக் கற்றுத்தராது. அங்கேதான் அவளுக்கு ஆசிரியர் தேவை.

இந்தக் கேள்வி சிறு ஊர்க் கேள்வி என்று யாரும் ஒதுக்க முடியாது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளன. பொதுநீரையும் பொதுநிலத்தையும் ஊர்மக்கள் தாமே விதி வகுத்துக் காக்க முடியும் என்பதை உலகின் பல பகுதிகளிலிருந்து சான்று காட்டி நிறுவிய எலினார் ஆஸ்ட்ரம், 2009இல் பொருளியல் நோபல் பரிசைப் பெற்றார். அவர் அரசியல் அறிவியலாளர். ஷார்ட்ஸ் படித்த அதே இந்தியானா பல்கலைக்கழகத்தில், துறைகளைக் கடந்த ஆய்வுக்கென 1973இல் ஒரு பட்டறையைத் தம் கணவரோடு நிறுவியவர்.

எதிர்வாதங்கள்

இந்தப் படிப்புக்கு எதிரான வாதங்களில் மூன்றை முழு மரியாதையோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது ஆழம். பல துறைகளில் தொடக்கநிலைப் பாடங்களை மட்டும் எடுத்து, எதிலும் மேல்நிலைக்குப் போகாமல் பட்டம் பெறும் அபாயம் உண்மையானது. எலியட்டின் ஹார்வர்டில் நேர்ந்தது அதுதான். ஆகவே நல்ல திட்டங்கள் பாடங்களில் கணிசமான பங்கு மேல்நிலையில் இருக்க வேண்டும் என்கின்றன. ஆய்வுமுறைப் பாடம் ஒன்றையும் வற்புறுத்துகின்றன. ஏரி மாணவிக்குப் புள்ளியியலோ, கல்வெட்டு எழுத்தோ, நில அளவையோ, ஏதேனும் ஒரு கருவியாவது நன்றாகக் கைவர வேண்டும்.

இரண்டாவது, மேற்படிப்பும் வேலையும். முதுகலையில் சேர இன்ன அடிப்படைப் பாடங்கள் வேண்டும் என்று துறைகள் கேட்கும். ஆஸ்ட்ரமின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. இளங்கலையில் கணிதம் எடுக்காததால் பொருளியல் முனைவர் படிப்புக்கான வாசல் அவருக்குத் திறக்கவில்லை. அரசியல் அறிவியலுக்குப் போனார். அவர் பிறகு பொருளியலிலேயே நோபல் பெற்றது பெரிய செய்திதான். ஆனால் எல்லா மாணவரும் அந்தச் சுற்றுவழியில் தாக்குப்பிடிப்பார்கள் என்று எண்ணிப் பாடத்திட்டம் வகுக்க முடியாது. எந்த வாசல்கள் மூடிக்கொள்ளக்கூடும் என்பதைப் பத்தொன்பது வயதில் மாணவர் தாமாக அறியமாட்டார். அதைச் சொல்ல வேண்டியது வழிகாட்டியின் கடமை.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. வீட்டில் கல்லூரி பார்த்தவர்கள் உள்ள மாணவருக்கு எந்த ஆசிரியரை எப்படி அணுகுவது, முன்வரைவை எப்படி எழுதுவது, மறுத்தால் எப்படி மீண்டும் கேட்பது என்பவை வீட்டுப் பேச்சிலேயே வந்துவிடும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வராது. அவருக்கு 'உனக்கு விருப்பமானதைத் தேர்ந்துகொள்' என்ற வாக்கியம் கதவைத் திறப்பதில்லை. எந்தக் கதவு என்று தெரியாத முற்றத்தில் நிறுத்துகிறது. ஆகவே வழிகாட்டல் இல்லாத தேர்வுச் சுதந்திரம் ஏற்கெனவே வசதி உள்ளவருக்கே பயன்படும். சமூக நீதியில் அக்கறையுள்ள எவரும் இந்தப் படிப்பை எதிர்ப்பதற்கு முன், வழிகாட்டலை எல்லாருக்கும் உறுதிசெய்யச் சொல்லிக் கேட்பதே சரியான வழி என்று நான் கருதுகிறேன்.

செலவும் சறுக்கலும்

இந்தக் கனவின் சறுக்கல்களையும் மறைக்காமல் பார்க்க வேண்டும். கனடாவின் ஸ்குவாமிஷ் நகரில் 2007இல் திறக்கப்பட்ட குவெஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு மாணவரும் தமக்கென ஒரு கேள்வியை வகுத்து அதைச் சுற்றியே படித்தார்கள். நிதி நெருக்கடியால் 2023இல் அது கற்பித்தலை நிறுத்தியது. ஹாம்ப்ஷயர் 2019இல் பெரும் நெருக்கடியைச் சந்தித்தது. அந்த ஆண்டு முதலாண்டு வகுப்புக்கு மிகச் சிலரையே சேர்த்தது. டெட்ராய்ட் நகரின் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகம் தன் துறையிடைக் கல்வித் திட்டத்தை 2007இல் மூடியது.

கருத்து தோற்றதால் இவை சரியவில்லை. ஒரு மாணவர், ஒரு வழிகாட்டி, ஒரு மேசை என்ற ஏற்பாட்டுக்கு ஆசிரியர் நேரம் மிகுதியாக வேண்டும். நூறு பேருக்கு ஒரு விரிவுரையாளர் என்ற கணக்கில் அது அடங்காது. பெரிய நிதிவளம் இல்லாமல் மாணவர் கட்டணத்தையே நம்பியிருந்த சிறு கல்லூரிகளுக்கு அந்தச் சுமை தாங்கவில்லை. பெரிய பல்கலைக்கழகங்களிலோ வேறு சிக்கல். துறையிடைத் திட்டத்துக்குச் சொந்த ஆசிரியர்கள் குறைவு. குரல் கொடுக்கத் துறை இல்லை. செலவு குறைக்கும்போது முதலில் கத்தி விழுவது அங்கேதான். அதே சமயம் பிரவுனிலும் காலட்டினிலும் அரை நூற்றாண்டு கடந்தும் இது நிலைத்திருக்கிறது. பெரிய பல்கலைக்கழகம் ஒன்றின் ஆசிரியர்களையும் பாடங்களையும் பகிர்ந்துகொண்டு, வழிகாட்டலுக்கு மட்டும் தனியாகச் செலவிடும் வடிவமே தாக்குப்பிடிக்கிறது என்பது இந்த ஒப்பீட்டில் கிடைக்கும் பாடம்.

இந்தியாவில்

நம் நாட்டில் இந்த ஆசை புதிதில்லை. இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் 1948-49இலேயே எல்லாருக்கும் பொதுக்கல்வி வேண்டும் என்றது. 2009இல் யஷ்பால் குழு, அறிவு தனித்தனிக் கூடுகளாக அடைபட்டுக் கிடப்பதைக் கடுமையாகச் சாடியது. டெல்லி பல்கலைக்கழகம் 2011இல் தொடங்கிய கிளஸ்டர் இன்னொவேஷன் சென்டரில், மாணவர்கள் வெவ்வேறு கல்லூரிகளில் பாடங்களைப் பொறுக்கித் தம் பட்டத்தை அமைத்துக்கொள்ளும் முயற்சி நடந்தது. அதே பல்கலைக்கழகம் 2013இல் அவசரமாகக் கொண்டுவந்த நான்காண்டுத் திட்டம் ஓராண்டிலேயே கைவிடப்பட்டது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் வேகம் கூடியது. கிரெடிட்டுகளைச் சேமித்துவைக்கும் வங்கி 2021இல் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டுக்கு 160. அவற்றில் பாதி முதன்மைப் பாடத்துக்கு. பல்துறைப் பாடங்கள் என்று தனியாக ஒதுக்கப்பட்டவை 9 கிரெடிட், அதாவது மூன்று தாள்கள். துறையிடை முதன்மைப் பாடத்துக்கும் சட்டகத்தில் இடமுண்டு. கேரளம் 2024இல் மாநிலம் முழுவதும் தொடங்கிய நான்காண்டுப் பட்டத்தில் இரட்டை முதன்மை, முதன்மையோடு துணை எனப் பல பாதைகளை வைத்திருக்கிறது.

இவை எல்லாம் கிரெடிட்டுகள் நடமாடுவதற்கான சாலைகள். சாலை தேவைதான். ஆனால் இந்த ஆவணங்களைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. மாணவர் எத்தனை கிரெடிட் எங்கே எடுக்கலாம் என்று பக்கம் பக்கமாக விதி இருக்கிறது. அந்தத் தேர்வைப் பற்றி அவரோடு பேச ஓர் ஆசிரியருக்கு வாரத்தில் எத்தனை மணிநேரம் ஒதுக்கப்படும் என்ற கணக்கு அந்த எண்களுக்கு இணையான இடத்தைப் பெறவில்லை. மூன்று தாள்களை மூன்று துறைகளில் எழுதுகிற மாணவர், அவை ஒன்றையொன்று தொடாமலே பட்டம் பெற்றுவிடலாம்.

துறைகளுக்கு நடுவே நின்று பெரும்பணி செய்தவர்கள் நம்மிடம் இருந்திருக்கிறார்கள். கணித அறிஞர் டி.டி. கோசாம்பி பழங்கால முத்திரை நாணயங்களை எடைபோட்டுப் புள்ளியியல் வழியே வரலாற்றுக்குள் வந்தார். அறிவியலும் சட்டமும் படித்து இந்திய ஆட்சிப் பணியில் இருந்த ஐராவதம் மகாதேவன், சிந்து எழுத்துகளுக்குக் கணிப்பொறியின் உதவியோடு தொகுத்த சொல்லடைவை 1977இல் வெளியிட்டார். தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் பற்றிய அவருடைய பெருநூல் 2003இல் வந்தது. இவர்கள் தம் சொந்த ஊக்கத்தால், அலுவல் நேரம் போக மிஞ்சிய நேரத்தில் பாதை போட்டுக்கொண்டவர்கள். அப்படி ஒருவர் எப்போதாவது தோன்றுவார் என்று காத்திருக்காமல், அந்தப் பாதையின் தொடக்கத்தைக் கல்லூரியிலேயே காட்ட முடியும்.

தமிழ்நாட்டுக் கல்லூரியில்

தமிழ்நாட்டின் இளங்கலை அமைப்பு ஐந்து பகுதிகளாக நடக்கிறது. முதல் பகுதி தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவதில் முதன்மைப் பாடமும் 'அலைடு' என்று வழங்கும் சார்புப் பாடமும், நான்காவதில் 'என்.எம்.இ.' எனப்படும் பிறதுறை விருப்பப் பாடம். ஐந்தாவது விரிவாக்கப் பணி. பிறதுறைக்குக் கதவு திறந்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் இதில் முன்பே இருக்கிறது. நடைமுறையில் அலைடு எது என்பதைத் துறை முடிவுசெய்துவிடுகிறது. என்.எம்.இ. எது என்பதைப் பெரும்பாலும் நேர அட்டவணை முடிவுசெய்கிறது. எந்த வகுப்புக்கு இடம் இருக்கிறது, எதில் மதிப்பெண் எளிது என்பதே மாணவர் கேட்கும் கேள்வியாகிவிடுகிறது. அவரைக் குறைசொல்ல முடியாது. வேறு கேள்வியை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

இன்னொரு தடை பட்டத்தின் பெயர். அரசு வேலைக்கான அறிவிப்பில் குறிப்பிட்ட பட்டம் வேண்டும் என்றிருக்கும். பெயர் சற்று மாறினாலும் அது இணையான பட்டமா என்ற கேள்வி எழுந்துவிடும். இணைத்தன்மை பற்றிய அரசாணைகளைத் தேடிக்கொண்டு அலைந்த பட்டதாரிகளை நம் ஊர்களில் எங்கும் காணலாம். இங்கே புதுப்பெயரில் ஒரு பட்டத்தை மாணவர்களே வகுத்துக்கொள்ளட்டும் என்று சொல்வது அவர்களை நட்டாற்றில் விடுவதாகும். தேசியக் கல்விக் கொள்கை மீதான தமிழ்நாட்டின் எதிர்ப்பிலும், பாதியில் படிப்பை விட்டு வெளியேறுவதற்குச் சான்றிதழ் தருவது ஏழை மாணவரைக் கல்லூரியிலிருந்து வெளியே தள்ளும் என்ற கவலை இருக்கிறது. அந்தக் கவலை நியாயமானது.

ஆகவே பட்டத்தின் பெயரை மாற்றாமலே தொடங்கலாம் என்பது என் கருத்து. பி.ஏ. வரலாறு வரலாறாகவே இருக்கட்டும். அதற்குள் அலைடு, என்.எம்.இ., உள்ளகப் பயிற்சி, இறுதியாண்டுத் திட்டப்பணி ஆகிய நான்கையும் மாணவருடைய ஒரே கேள்வியைச் சுற்றிக் கோக்க அனுமதி கொடுக்கலாம். ஏரி மாணவி வரலாறு படிப்பாள், சார்புப் பாடமாகப் புவியியல் எடுப்பாள், என்.எம்.இ.யில் நிலச் சட்டம் படிப்பாள். விடுமுறையில் நீர்வளத் துறையின் பிரிவு அலுவலகத்தில் வரைபடம் பார்ப்பாள். திட்டப்பணியில் தன் ஊர் ஏரியை எழுதுவாள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவள் கையில் இருப்பது எல்லாருக்கும் தெரிந்த பட்டம்தான். தன்னாட்சிக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் 1978 முதல் இருக்கின்றன. பாடத்திட்டக் குழுவைத் தாமே கூட்டும் உரிமை அவற்றுக்கு உண்டு. இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

தேவைப்படுவது ஒன்றுதான், அது செலவு பிடிக்கும் ஒன்று. வழிகாட்டுவதை ஆசிரியரின் பணிநேரக் கணக்கில் சேர்க்க வேண்டும். வகுப்பெடுக்கும் பதினாறு மணிக்கு மேல் அன்பின் பேரில் செய்யும் உதவியாக அது இருக்கும் வரை, தாமாகக் கதவைத் தட்டத் தெரிந்த இரண்டு மாணவருக்கு மட்டுமே கிடைக்கும். தட்டத் தெரியாத முப்பது பேருக்கும் கிடைக்க வேண்டுமானால் அதற்கு நேர அட்டவணையில் ஒரு பாடவேளை வேண்டும். அந்தப் பாடவேளைக்கு ஆசிரியர் நியமனம் வேண்டும். காலியிடங்களைக் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு நிரப்பிக்கொண்டே, துறையிடைக் கல்வி பற்றிக் கருத்தரங்கு நடத்துவதில் பயனில்லை.

ஷார்ட்ஸின் ஆசிரியருக்கு அந்தப் பாடத்தை நடத்த ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போதுமானதாக இருந்தன. செங்கல்பட்டு மாணவியின் கல்லூரியிலும் மேசை இருக்கிறது. அவள் ஏரியின் வரைபடத்தை அதில் விரித்து, 'வரத்துக்கால் இங்கே மறைகிறது சார், ஆனால் தாத்தா வேறு இடத்தைக் காட்டுகிறார்' என்று சொல்லும்போது எதிரே கேட்க ஒருவர் இருக்க வேண்டும். அந்த நாற்காலியில் அமர ஒரு மணிநேரத்தை நாம் அவருக்கு ஒதுக்குகிறோமா என்பதில் அவளுடைய பட்டத்தின் தரம் அடங்கியிருக்கிறது.